மேல் மூலையில் மை

ஹாதர்லி கல்லூரி, ஒஹாயோ
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரூபன் எழுதிக்கொள்வது. இங்கே பனி இன்னும் விடவில்லை, ஆனாலும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் ஞாயிறு சிங்கப்பூர் போய் வெள்ளி திரும்புகிறாரா?

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பீர்கள். விசா நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் கைபேசியில் என்ன எழுதினார்கள், யாரோடு பேசினார்கள் என்றெல்லாம் பார்க்கிறார்கள் என்று இங்கே ஒரே பேச்சு. உண்மையா வதந்தியா தெரியவில்லை. நானும் வேலை விசாவில் இருப்பவன். அதனால் கல்லூரி, விசா, இரண்டைப் பற்றியும் வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட வேண்டாம். அதோடு, நம் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். போனில் 'சாப்பிட்டியா' மட்டும் போதும். மற்றதெல்லாம் கடிதத்தில்.

என் மருமகள் லோஷினிக்கு இந்தக் கல்லூரியில் இடம் கொடுத்த கடிதம் இத்துடன் இருக்கிறது. எஸ்பிஎம் தேர்வு முடிவு வரும்முன்னே, பள்ளி மதிப்பெண்ணை வைத்தே கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் முன்பு நான் இதே கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தேன். அவளுக்கு ஒன்பது நாளில் கிடைத்துவிட்டது. மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் மாமா இருப்பதால் அல்ல. இப்போது எல்லோருக்கும் அப்படித்தான்.

விடுதிகளில் ஒன்றைப் பழுதுபார்க்கப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் விடுதியில்தான் அவளுக்கு அறை.

கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் சாம்பாரை நினைத்துக்கொண்டே ரொட்டி தின்னும்,
தம்பி ரூபேந்திரன்


லாபிஸ், மலேசியா
30 மார்ச் 2025

தம்பி ரூபனுக்கு அக்கா கஸ்தூரி எழுதுவது.

நாங்கள் மூவரும் இருக்கிறோம். முழங்காலும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஆறு கிலோ குறைந்ததைப் போகிற போக்கில் எழுதுகிறாயே, உனக்கு உடம்பில் இருந்ததே எத்தனை கிலோ? ரத்தத்தில் என்ன வந்தது என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது.

உன் கல்லூரிக் கடிதத்தைப் பிரித்த கையோடு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். உன் மருமகள் குதித்தாள். "அம்மா, அது ஒரிஜினல் லெட்டர் லா, கறை போகாது." போகாவிட்டால் என்ன? நம் வீட்டில் நல்ல சேதி வந்தால் மஞ்சள்தான். மற்ற சேதிக்குக் கறுப்பு. அந்த மற்றதை நான் வாயால் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். மஞ்சள் பட்ட தாளை அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

என்னோடு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் ஷாமளா, பின் வீட்டுக்காரி, தன் மகன் வசந்தனையும் அங்கே சேர்க்கலாமா என்று கேட்கிறாள். இரண்டு வருடம் முன்பு நீ வந்து கோயில் மண்டபத்தில் உன் கல்லூரியைப் பற்றிப் பேசினாயே, அதை இன்னும் மறக்கவில்லை அவள். உன் தம்பி பேச்சு அப்படியே மனசில் நின்றுவிட்டது என்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். லோஷினி கணினியில் எதையோ தேடிவிட்டு வந்து, பத்து வருடம் முன்பு உன் கல்லூரியில் ஆயிரத்து நானூறு பேர் படித்தார்கள், இப்போது அறுநூற்றுப் பத்துப் பேர்தான் என்றாள். மாமா பொய் சொல்வாரா, வாயை மூடு என்று திட்டிவிட்டேன். திட்டிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து பெட்டி கட்டும்போதும் அந்த இரண்டு எண்களையே கழித்துப் பார்க்கிறேன். அவளுக்குப் பதினெட்டு வயது. ஜொகூர் பாருவுக்குத் தனியாகப் பஸ் ஏறியதில்லை. பிள்ளைகள் குறைந்த இடத்தில் விடுதியை எதற்கு ரூபன் பழுதுபார்க்கிறார்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஒஹாயோ
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டபடி முதல் வரி: ரத்தத்தில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, மருத்துவர் இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்தான் இன்னும் போகவில்லை. ஷாமளா அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மஞ்சளுக்குக் கவலை வேண்டாம். இங்கே எல்லாம் கணினியில் இருக்கிறது.

லோஷினி பார்த்த எண் சரிதான். அவளைத் திட்டாதீர்கள். இந்த நாட்டில் 2008-க்குப் பிறகு பிள்ளை பெறுவது குறைந்தது. அன்று பிறக்காத பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு வரமாட்டார்கள் அல்லவா? இருக்கும் கொஞ்சப் பேரையும் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொள்கின்றன. படித்து என்ன கிடைக்கிறது என்று வேலைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகள் வெளியூர்ப் பிள்ளைகளை நம்பித்தான் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. இப்போது விசா பயத்தில் அவர்களும் தயங்குகிறார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களை ஓர் அறையில் உட்கார வைத்து வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணை எழுதுவார்கள். இந்த ஆண்டு புதிதாக வருகிறோம் என்று உறுதி சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை. போன திங்கள் 149. வர வேண்டியது 180. பலகையைப் பார்க்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இதையெல்லாம் வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இத்தோடு விடுகிறேன்.

லோஷினியின் தேர்வு முடிவு வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்கும்
தம்பி ரூபேந்திரன்


லாபிஸ்
12 மே 2025

தம்பி ரூபனுக்கு,

இந்தக் கடிதம் விரைவு அஞ்சலில் வருகிறது, அதை வைத்தே அவசரம் தெரிந்துகொள். உன் உடம்பைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. முதலில் இது.

லோஷினிக்கு எட்டு ஏ. அவள் அப்பா தொழிற்சாலைக் காவல் கூண்டிலிருந்தே போனில் அழுதார். அதோடு அரசாங்கத்தின் தங்காக் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடமும் வந்துவிட்டது. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த இடம் குதிரைக்கொம்பு என்று உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். வாரம் ஒரு முறை துணி துவைத்துக் கொடுத்துவிட்டு வரலாம்.

ஜூன் ஆறாம் தேதிக்குள் கணினியில் 'ஏற்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். மறுத்தால் மறுத்ததுதான், அடுத்த வருடம் கேட்க முடியாது. அத்தான், "உன் தம்பியே சொல்லட்டும், படிச்சவன், அங்கயே இருக்கான்," என்றுவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. வேலையில் நேற்று இரண்டு பெட்டிக்கு ஒரே சீட்டை ஒட்டிவிட்டேன்.

180 வராவிட்டால் என்ன ஆகும்? போன கடிதத்தில் எல்லாம் எழுதினாய், அதை மட்டும் மென்று விழுங்கிவிட்டாய். வாயில் என்ன கொழுக்கட்டையா? கையெழுத்துப் போட்டது ஊராருக்கு. நான் உன் அக்கா. அனுப்பு என்றால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அவளைத் தங்காக்கில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒரே சொல். பூசி மெழுகாதே.

அக்கா


ஒஹாயோ
20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

லோஷினிக்கு என் முத்தங்கள். எட்டு ஏ எடுத்த பிள்ளையை நினைத்து அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தபோது பக்கத்து மேசைக்காரியின் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினாறு வருடம் வேலை செய்தவள். மதியத்துக்குள் மேசை காலியாகிவிட்டது.

நீங்கள் நேராகக் கேட்டீர்கள். நேராகச் சொல்ல எனக்கு வழியில்லை அக்கா. இந்த வருடக் கடைசியில் நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கப் பயந்து பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பழக்கத்தை நான் மறக்கவில்லை. கடிதத்தின் மேல் மூலையைப் பாருங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது எனக்குச் சம்மதம். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள். போனில் கேட்கவே கேட்காதீர்கள்.

தம்பி


லாபிஸ்
1 ஜூன் 2025

என் தம்பிக்கு,

கடிதம் வந்தது. மேல் மூலையில் கறுப்பு மையைப் பார்த்தேன். புரிந்தது.

நீ இனி அதைப் பற்றி எழுத வேண்டாம். நானும் கேட்க மாட்டேன். அத்தானுக்குச் சொல்லவில்லை, லோஷினிக்கும் சொல்லவில்லை. கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் இல்லை.

நேற்று நானே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து 'மறுக்கிறேன்' என்பதை அழுத்திவிட்டேன். லோஷினி பக்கத்தில் நின்றாள். "ஏன்மா, நல்லா யோசிச்சிங்களா?" என்றாள். யோசித்துவிட்டேன் என்றேன். ஆகஸ்டில் அவள் அங்கே வருகிறாள். இந்த நேரத்தில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று உன் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். இதில் உனக்கு மறுபேச்சு கிடையாது.

ஈரல், கீரை, பேரீச்சம்பழம், கிடைப்பதைச் சாப்பிடு. பணிந்து கேட்கிறேன், சாப்பிடு ரூபன்.

உன் அக்கா


ஒஹாயோ
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மையைப் பார்த்தும், புரிந்தும், எனக்காக அவளை அனுப்புகிறீர்கள். இப்படி ஒரு மனசு எனக்கு இல்லை. கறுப்பு மையை வைத்தவன் நான்தான். ஆனால் உங்கள் பதிலைப் பிரித்தபோது எதை எதிர்பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன திங்கள் பலகையில் 171. அதில் ஒன்று லோஷினி. அந்த எண்ணை எழுதியபோது அலுவலகத் தலைவர் என் தோளைத் தட்டினார். ஒன்பது பேர் கூடினால் போதும் என்கிறார்கள்.

விசா நேர்காணலுக்குப் போகும்முன் அவள் கைபேசியை ஒரு முறை பாருங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி ரூபேந்திரன்


லாபிஸ்
16 ஆகஸ்ட் 2025
(லோஷினி கையில்)

என் தம்பிக்கு,

விசா கிடைத்தது உனக்குத் தெரியும். நாளை விமானம். இந்தக் கடிதத்தை அவள் உன் கையில் கொடுப்பாள். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். அவள் பிரிக்க மாட்டாள், அப்படி வளர்க்கவில்லை.

பெட்டியில் உனக்கு மிளகாய்த்தூள், சுக்கு, நெல்லிக்காய் வற்றல், கோயில் விபூதி இருக்கிறது. விபூதியை இரவில் வயிற்றில் பூசிக்கொள். அவளுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். இந்த இரண்டு மாதமும் அதைத்தான் கற்றுக்கொடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது தனியாகப் போகாதே, அவளைக் கூட்டிக்கொண்டு போ. வலி வந்தால் அவளிடம் மறைக்காதே. சின்னப் பெண்தான், ஆனால் மனசு கெட்டி. எத்தனை மாதம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதை மட்டும் எனக்குத் தனியாக எழுது. ஒரு தடவை உன் முகத்தைப் பார்க்க வேண்டும். டிக்கெட் போட்டுவிடுவேன்.

அக்கா


ஒஹாயோ
5 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

லோஷினி எழுதுறேன். போன்ல கல்லூரியப் பத்திப் பேசக்கூடாதுன்னு நீங்களும் சொல்லிட்டிங்க, மாமாவும் சொல்லிட்டாரு. அதான் கடிதம். எனக்கு ஒரு ஜலதோஷம், அவ்ளோதான். அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை ஞாபகப்படுத்துங்க.

கணக்கு வகுப்பில் நாங்க ஆறு பேரு. விடுதி மேல்மாடியில் பன்னிரண்டு அறை, அதில் நானும் ஒரு நேப்பாளப் பெண்ணும் மட்டும். ராத்திரி கழிப்பறைக்குப் போகணும்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். பழுதுபார்க்கிறதா மாமா எழுதினாரே ஒரு விடுதி, அதை யாரும் பழுது பார்க்கலம்மா. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சிருக்காங்க. சாப்பாட்டுக்கூடத்தைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கே மூடிடுவாங்க. பேராசிரியர் ஒருத்தர் போன வாரம் வகுப்பு நடுவில் பாடத்தை நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டாரு.

மாமா மருந்து சாப்பிடுறாரான்னு போன்ல ஏன் வாராவாரம் கேக்குறிங்க? அவருக்கு ஒண்ணும் இல்லையே. மெலிஞ்சிருக்காரு, ஆனா நல்லாத்தான் இருக்காரு. நீங்க குடுத்த கடிதத்தை வாசல்லயே நின்னு பிரிச்சாரு. படிச்சிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துட்டாரு. என்னன்னு கேட்டேன். உள்ள வா, குளிருதுன்னாரு.

சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு ஒரு சின்ன வேலை குடுத்திருக்காங்க. ஜனவரிக்கு வரப்போற மலேசியப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கல்லூரி நல்லா இருக்கு, தைரியமா வாங்கன்னு சொல்லணும். அந்தப் பட்டியலில் வசந்தன் பேரு இருக்கு. மாமாகிட்ட காட்டுனேன். பார்த்தாரு, திருப்பிக் குடுத்துட்டாரு. நான் இன்னும் கூப்பிடல. கூப்பிடட்டுமாம்மா?

எனக்கு இங்க பயமா இருக்கு.

லோஷினி


ஒஹாயோ
14 நவம்பர் 2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்கிறேன்.

டிசம்பர் 19-ஆம் தேதியோடு கல்லூரியை மூடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை எல்லோரையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். உறுதி சொன்னவர்கள் 176 வரை போனது. வந்து சேர்ந்தவர்கள் 143. லோஷினி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மாமா?" என்றாள். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

அவள் வேறு கல்லூரிக்கு மாறலாம். ஒப்புக்கொண்டிருக்கும் கல்லூரி ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறது, அங்கேயும் இதே கதைதான் என்கிறார்கள். இல்லாவிட்டால் விசா முடியும்முன் ஊர் திரும்ப வேண்டும். எனக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அறுபது நாள் கெடு.

பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். 180 வராவிட்டால் மூடிவிடுவார்கள் என்பதுதான் நான் எழுதாத வரி. எழுதியிருந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். அந்தப் பயத்தில்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் நோய் எதுவும் கிடையாது. கறுப்பு மையை வைத்தது 'அனுப்பாதீர்கள்' என்று சொல்ல. கெட்ட சேதிக்குக் கறுப்பு என்றுதான் என் நினைவில் இருந்தது. உங்களுக்குப் புரிந்துவிட்டது, தெரிந்தே அனுப்புகிறீர்கள் என்று நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்பது லோஷினி கொண்டுவந்த கடிதத்தில்தான் தெரிந்தது. அப்போது அவள் பெட்டியோடு என் வாசலில் நிற்கிறாள். அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். மூன்று மாதம் கூப்பிடவில்லை. ஒருவேளை மூடாமல் போய்விட்டால் சொல்லவே தேவையிருக்காது என்று இருந்துவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ரூபேந்திரன்


லாபிஸ்
1 டிசம்பர் 2025

ரூபனுக்கு,

எங்கள் மூவரில் இருவர் இங்கே இருக்கிறோம். மூன்றாவது ஆள் உன்னிடம் இருக்கிறாள். அவளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா பார்.

உனக்கு ஒன்று சொல்லித் தர வேண்டும். பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. கறுப்பு மை கெட்ட சேதிக்கு வைப்பதில்லை. சாவுக்கு மட்டும்தான் வைப்பார்கள். படிக்கத் தெரியாத வீட்டிலும் அந்த மூலையைப் பார்த்ததும் ஒப்பாரி வைப்பார்கள். அந்தக் கடிதத்தை வாசற்படி தாண்டவிட மாட்டார்கள். உன் கடிதத்தை நான் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். தொழிற்சாலை பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் படித்தேன். உயிரோடு இருக்கிறவன் கையால் எழுதிய கடிதம், மூலையில் மை, உள்ளே நாளை எண்ணுகிறேன் என்ற வரி, அதற்கு முன்பே ஆறு கிலோ. நான் என்ன நினைக்க வேண்டும்?

என் தம்பி சாகப்போகிறான், சொல்ல நாக்கு வராமல் மையை வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் ஆறு மாதம் உனக்காக அழுதிருக்கிறேன். வேலையில் பெட்டி கட்டும்போது ஷாமளா பார்ப்பாள், தூசி என்பேன். நீ அங்கே தனியாகச் சாகக்கூடாது என்றுதான் தங்காக்கை மறுத்தேன். என் பெண்ணை உனக்குக் கடைசித் தண்ணீர் ஊற்ற அனுப்பினேன். நீ அவளைப் பலகையில் ஓர் எண்ணாக எழுதிக்கொண்டாய்.

எல்லாவற்றையும் அத்தானிடம் சொன்னேன். சிங்கப்பூருக்குப் போகாமல் இரண்டு நாள் வீட்டில் படுத்திருந்தார். லோஷினி திரும்பி வந்து இங்கே பள்ளியில் ஆறாம் படிவ மேல்நிலை வகுப்பில் சேரட்டும். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருடம் முன்னால் போய்விட்டார்கள். அந்த வருடத்தை உன்னால் திருப்பித் தர முடியாது, அதனால் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே ஷாமளா வீட்டுக்குப் போனேன். வசந்தனுக்குக் குளிர் சட்டை வாங்கி வைத்திருந்தாள். இத்தனை நாள் உன்னைப் புகழ்ந்து பேசிய வாய் இது. கதவருகே நின்றபடியே சொன்னேன். "கல்லூரிய மூடுறாங்க ஷாமளா. பையன அனுப்பாத." அவள் என்னைத் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். மொத்தம் அரை மணி நேரம். சொன்னதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை ரூபன். நீ ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டாய்.

உன் உயிருக்காகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறேன். நீ உயிரோடு இருக்கிறாய், ஆகவே எடுக்கத்தான் வேண்டும். முழங்காலோடு நான் நடக்கும்போது நீ பக்கத்தில் நடந்து வருவாய். அன்றைக்கு ஊரார் கேட்பார்கள். நீயே பதில் சொல்வாய், மண்டபத்தில் பேசிய அதே வாயால்.

டிசம்பர் இருபதாம் தேதி இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஏறுங்கள். அவள் உன்னோடு பேசாவிட்டாலும் அவள் பெட்டியை நீ தூக்கு.

இந்தத் தாளில் மஞ்சளும் இல்லை, மையும் இல்லை. மூலையைத் தடவிப் பார்க்காதே. எழுதியிருப்பதைப் படி.

அக்கா கஸ்தூரி